கார்ல் டிரைஸ்: சாலை கிடைக்காத சைக்கிள்காரர்

ஒரு பொறியாளரின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு ஆசிரியர் குழுவில் சொன்னபோது டெஸ்லா, விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு எல்லாரையும் சீனியர்கள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டது கார்ல் டிரைஸ். இரண்டு சக்கரத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, அதன்மேல் ஒரு மனிதன் உட்கார்ந்து கீழே விழாமல் போகலாம் என்று முதலில் செய்து காட்டியவர். சைக்கிளின் தாத்தா. ஆனால் அவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. சைக்கிள் ஓட்டுறவங்களைக் கட்டுப்படுத்தி அரசாங்கம் போட்ட முதல் உத்தரவும் இவருடைய வண்டிமேல்தான் விழுந்தது.

எங்க ஊர் ஓரிக்கை, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரை. கல்லூரிப் பேருந்து நிற்கிற இடம்வரை தினமும் சைக்கிளில்தான் வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த அதே சைக்கிள். போன மழைக்காலத்தில் ஒரு மாலை, பின்னால் வந்த வேன் ஒன்று உரசுகிற மாதிரி ஒதுக்கியதில், தார் சாலையை விட்டு மண்ணில் இறங்கினேன். திரும்பச் சாலைக்கு ஏறப் பார்த்தபோது முன்சக்கரம் தாரின் விளிம்பில் உரசி மாட்டிக்கொண்டது. அப்படியே சாய்ந்து விழுந்தேன். முழங்கை சிராய்ப்போடு போச்சு. வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்டது, ஓரமாய்ப் போகக் கூடாதா என்றுதான். நான் ஓரமாய்த்தான் போனேன். அந்த ஓரத்தில் தார் முடிந்து அரை அடிக்குப் பள்ளம்.

இந்த அரை அடிப் பள்ளத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைஸின் வாழ்க்கையைக் கெடுத்ததும் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு பள்ளம்தான்.

அவர் பிறந்தது 1785 ஏப்ரல் 29, கார்ல்ஸ்ரூ நகரத்தில். அன்றைக்கு ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. கார்ல்ஸ்ரூ, தென்மேற்கில் இருந்த பாடன் என்ற சிறு அரசின் தலைநகரம். டிரைஸ் பிரபு குடும்பம். முழுப் பெயரை எழுதினால் இரண்டு வரி போய்விடும். அப்பா பாடனின் மிகப் பெரிய நீதிபதி. நாட்டை ஆண்டவரே பையனுக்கு ஞானத்தந்தை. இவ்வளவு கௌரவம் இருந்த வீட்டில் பணம் மட்டும் அந்த அளவுக்கு இல்லை. பையனுக்கு ஓர் அரசாங்க உத்தியோகம் வேண்டும் என்று வனத்துறைப் படிப்பில் சேர்த்தார்கள். நடுவில், 1803 முதல் 1805 வரை, ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் கட்டடக்கலையும் படித்தார். ஆர்வம் எல்லாம் அங்கேதான் இருந்தது. பிறகு வனத்துறையில் பதவி கிடைத்தது. 1811-இல் அந்த வேலையிலிருந்து விடுப்பும் கிடைத்தது, சம்பளத்தோடு. அப்பாவோடு மன்ஹைம் நகரத்துக்குக் குடிபோனார். சம்பளம் வரும், ஆபீஸ் போக வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து மெஷின் செய்யலாம். நம்ம ஹாஸ்டல் பசங்க பாதிப் பேரின் கனவு இது.

சும்மா இருக்கவில்லை மனுஷன். பியானோவில் வாசிக்க வாசிக்க அதைத் தாளில் பதிவு செய்கிற கருவி ஒன்றை 1812-இல் செய்தார். அடுத்த வருஷம் நாலு சக்கர வண்டி, குதிரை இல்லாமல் உள்ளே இருப்பவர்களே காலால் இயக்குவது. அதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். அரசாங்க வல்லுநர்கள் தேவையில்லை என்று தள்ளிவிட்டார்கள். ரஷ்யப் பேரரசர் அலெக்சாண்டருக்கு ஓட்டிக் காட்டினார். நெப்போலியனை வீழ்த்திய நாடுகள் எல்லாம் வியன்னாவில் மாநாடு கூடினபோது அங்கேயும் கொண்டுபோனார். எல்லாரும் பார்த்து ரசித்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை.

இங்கே கதையில் ஓர் எரிமலை வருகிறது. 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய வெடிப்பு இல்லை என்பார்கள். அதன் தூசி மேலே போய் வெயிலை மறைத்ததில் 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. நம்ம பக்கத்திலும் அந்த வருஷம் பருவமழை தடுமாறியது. தென்ஜெர்மனியில் பயிர் அழுகி, தானிய விலை ஏறி, மனிதர்களே பட்டினி கிடந்தபோது குதிரைக்கு யார் ஓட்ஸ் போடுவார்கள்? குதிரைகள் செத்தன, பலவற்றைத் தின்றும் விட்டார்கள். டிரைஸ் மறுபடியும் குதிரையில்லா வண்டிக்குத் திரும்பியதற்கு இதுதான் காரணம் என்று ஹான்ஸ்-எர்ஹார்ட் லெஸ்ஸிங் என்ற வரலாற்றாசிரியர் வாதிடுகிறார். ஏற்றுக்கொள்ளாதவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது. பெட்ரோல் விலை ஏறும்போதுதானே நம்ம ஊரில் பரணில் கிடக்கிற சைக்கிள் இறங்குகிறது.

இந்த முறை நாலு சக்கரம் இல்லை, இரண்டு. நம்ம கண்ணுக்கு இது சாதாரணம். அன்றைக்கு யோசித்துப் பாருங்கள். இரண்டு சக்கர வண்டி என்றால் மாட்டு வண்டி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சக்கரம். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் விழும் என்பது குழந்தைக்கும் தெரியும். நிறுத்தி வைத்தால் விழத்தான் செய்யும். ஓடும்போது, சாய்கிற பக்கம் முன்சக்கரத்தைத் திருப்பினால், சக்கரங்கள் போய் உடம்பின் எடைக்குக் கீழே நிற்கும், வண்டி நிமிரும். இந்தச் சின்ன விஷயம் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினவர் அதை மரத்தில் செய்தும் காட்டினார். வண்டி பெரும்பாலும் மரம், இருபது கிலோ சொச்சம் எடை, சக்கரத்துக்கு இரும்புப் பட்டை, அச்சில் பித்தளை, உட்கார மெத்தை வைத்த இருக்கை, முழங்கை ஊன்ற ஒரு பலகை, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கம்பு, பின்சக்கரத்துக்குக் கயிறு இழுத்துப் பிடிக்கிற பிரேக். பெடல் கிடையாது, செயின் கிடையாது. இருக்கையில் உட்கார்ந்துகொண்டு காலால் தரையை மாற்றி மாற்றி உதைத்துப் போகணும். அதற்கு அவர் வைத்த பெயர் ஓட்ட இயந்திரம். ஊர் அதற்கு அவர் பெயரையே வைத்து டிரைசின் என்றது.

1817 ஜூன் 12. மன்ஹைம் நகரத்திலிருந்து கிளம்பி, ஷ்வெட்சிங்கன் போகிற வழியில் தபால் வண்டிகள் குதிரை மாற்றுகிற நிலையம்வரை போய்த் திரும்பினார். போக வர சுமார் 13 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள். களைத்துப்போன குதிரையை மாற்றுகிற இடத்துக்கு ஒருத்தர் குதிரையே இல்லாமல் வேர்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். அங்கே இருந்த குதிரைக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

இந்தப் பயணத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு விவரம் உண்டு. ஷ்வெட்சிங்கனில் ஆட்சியாளர்களின் கோடைக்கால அரண்மனை இருந்தது. அதனால் மன்ஹைமிலிருந்து அங்கே போகிற சாலைதான் பாடனிலேயே நல்ல சாலை. டிரைஸ் டெஸ்ட் ரைடுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை, நாமும் புராஜெக்ட் டெமோவுக்கு நல்ல டேபிளைத்தான் தேடுவோம். ஆனால் வண்டியை வாங்கினவர்களுக்கு அரண்மனைச் சாலை இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஊர்ச் சாலை.

அன்றைய ஊர்ச் சாலை என்பது கனமான வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்கள் வருஷக்கணக்காக அரைத்துப் போட்ட தடம். மழையில் சேறு, வெயிலில் இறுகிய பள்ளம். நாலு சக்கர வண்டி அந்தப் பள்ளத்தில் இறங்கினால் குலுங்கும், அவ்வளவுதான். இரண்டு சக்கர வண்டிக்குக் கதை வேறு. விழாமல் இருக்க முன்சக்கரத்தை நொடிக்கு நொடி திருப்பிக்கொண்டே இருக்கணும். பள்ளத்தின் சுவர் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் திருப்ப முடியாது. திருப்ப முடியாவிட்டால் விழுவதைத் தவிர வழியில்லை. தார் விளிம்பில் எனக்கு நடந்தது இதேதான். இருநூறு வருஷ இடைவெளி, அதே மெக்கானிக்ஸ்.

ஆகவே டிரைசின் ஓட்டினவர்கள் என்ன செய்தார்கள்? நடைபாதையில் ஏறினார்கள். நகரத்தில் சமமாய் இருந்த ஒரே தரை அது. நடந்து போகிறவர்கள் மேல் மோதினார்கள். ஓட்டினவர்களில் பெரும்பாலும் பணக்கார வாலிபர்கள், வேகத்துக்கு ஆசைப்பட்டவர்கள் என்பதையும் சொல்லியாகணும். வண்டி பிரபலமான கொஞ்ச நாளிலேயே மன்ஹைமில் நடைபாதையில் அதை ஓட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. பிறகு மிலான். 1819-இல் லண்டன், நியூயார்க். நம்புங்கள், நம்ம கல்கத்தாவில்கூட அந்த வண்டிக்குத் தடை வந்திருக்கிறது. லண்டனில் டெனிஸ் ஜான்சன் என்ற வண்டி செய்பவர் இதே டிசைனைக் கொஞ்சம் மாற்றி உரிமம் வாங்கி விற்றார். ஒரு கோடைக்காலம் முழுக்க நகரமே பைத்தியமாய் ஓட்டியது. கார்ட்டூன் போடுகிறவர்களுக்கு நல்ல வேட்டை. நடைபாதையில் பிடிபட்டவர்களுக்கு இரண்டு பவுன் அபராதம். குடலிறக்கம் வரும் என்று டாக்டர்கள் வேறு பயமுறுத்தினார்கள். இரண்டே வருஷத்தில் மோகம் வடிந்துவிட்டது.

நடக்கிறவர்களைக் காப்பாற்றியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்க பாட்டி நடந்து போகிற பாதையில் ஒருத்தன் இருபது கிலோ மரவண்டியில் பாய்ந்து வந்தால் நானும்தான் சண்டைக்குப் போவேன். பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் சைக்கிள்காரர் யாராக இருந்தாலும் இறங்கி, ஓரமாய்த் தள்ளிக்கொண்டுதான் போகணும். பட்டு இழைமேல் ஹேண்டில்பார் பட்டால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு போகும். அதில் நியாயம் இருக்கிறது. மன்ஹைம் உத்தரவில் எனக்கு உறுத்துவது வேறு. நடைபாதையை விட்டு இறங்கு என்று சொன்ன எந்த நகரமும், இறங்கின பிறகு ஓட்டுவதற்குச் சாலையைச் சரி செய்து தரவில்லை. உத்தரவு எழுத ஒரு தாள் போதும். பள்ளத்தை மூடக் கல், கூலி, காசு வேண்டும். அவர்கள் தாளை எடுத்தார்கள். தடை செய்தது நடைபாதையில் மட்டும். ஆனால் ஓட்ட முடிந்த இடமே அதுதான் என்பதால், வண்டியையே தடை செய்த மாதிரி ஆனது.

உத்தரவு என்றதும் எங்க ஊர்க் கதை ஞாபகம் வருகிறது. பல்லவ அரசன் கணிகண்ணனை நாடு கடத்தினான். அவன் குரு திருமழிசை ஆழ்வாரும் அவனோடு கிளம்பினார். ஆழ்வார் கூப்பிட்டதும் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். மூன்று பேரும் ஓர் இரவு தங்கின இடம் ஓரிருக்கை, அதுவே ஓரிக்கை ஆனது என்பார்கள். காஞ்சி இருண்டுபோக, அரசன் ஓடி வந்து உத்தரவை வாபஸ் வாங்கினான். டிரைஸின் பின்னால் கிளம்பிப் போக யாரும் இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை எந்த நகரமும் ஓடி வரவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தடை வந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அவருக்குக் கௌரவமும் வந்தது. 1818 ஜனவரி 12-இல் பாடன் அரசு அவருடைய வண்டிக்குப் பத்து வருஷ உரிமம் கொடுத்தது. இயந்திரவியல் பேராசிரியர் என்ற பட்டம் கொடுத்தது. வனத்துறைச் சம்பளத்தை ஓய்வூதியமாகத் தொடரச் செய்தது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் வகுப்பு எடுக்காத பேராசிரியர். உரிமம் பாடன் எல்லைக்குள் மட்டும் செல்லும். அதற்கு வெளியே யார் வேண்டுமானாலும் நகல் எடுத்தார்கள். ஒரு கையால் பாராட்டுப் பத்திரம், இன்னொரு கையால் நடைபாதைத் தடை. அரசாங்கங்கள் சைக்கிளை இப்படி நடத்துவது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததில் அவர் தப்பு கொஞ்சமும் இல்லை. 1819 மார்ச்சில் மன்ஹைமில் கார்ல் சாண்ட் என்ற மாணவன், கொட்சபூ என்ற நாடக ஆசிரியரைக் குத்திக் கொன்றான். கொட்சபூ பழைமைவாதி, ரஷ்யாவின் ஆள் என்று மாணவர்கள் வெறுத்தவர். சாண்டுக்கு மரணதண்டனை, 1820-இல் நிறைவேற்றினார்கள். அவனுக்குக் கருணை காட்டாத நீதிபதி டிரைஸின் அப்பா. நாடு முழுக்க மாணவர்கள் கொதித்தார்கள், அந்தக் கோபம் மகன்மேலும் விழுந்தது. தெருவில் வண்டியோடு போனால் கேலி, தொல்லை. 1822-இல் கப்பலேறி பிரேசில் போய்விட்டார். லாங்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியரின் பண்ணையில் நில அளவைக்காரராக ஐந்து வருஷம். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களே, இவரில் உங்களுக்கும் பங்கு உண்டு.

1827-இல் திரும்பி வந்தார். மூன்று வருஷத்தில் அப்பா இறந்தார், பாதுகாப்பு போனது. மூளை மட்டும் நிற்கவில்லை. பிரேசில் போகும் முன்பே, 1821-இல், விசைப்பலகை வைத்த ஒரு தட்டச்சு இயந்திரம் செய்திருந்தார். அதை வளர்த்து வேகமாய்ப் பேசுவதைப் பதிவு செய்கிற சுருக்கெழுத்துக் கருவி ஆக்கினார். விறகு மிச்சம் பிடிக்கிற அடுப்பு, இறைச்சி அரைக்கிற இயந்திரம் என்று வரிசை நீளும். தண்டவாளத்தில் மனிதனே இயக்கிப் போகிற வண்டியும் செய்தார். ஐரோப்பாவில் ரயில்வே ஆட்கள் தண்டவாளத்தைப் பார்வையிடப் போகிற சிறு வண்டிக்கு இன்றைக்கும் டிரைசின் என்றுதான் பெயர். இதில் எதிலும் அவர் பணக்காரர் ஆகவில்லை. ஊர் அவரை ஒரு கிறுக்கர் என்று முடிவு கட்டிவிட்டது. 1839 முதல் ஆறு வருஷம் ஓடன்வால்ட் மலைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒதுங்கி இருந்துவிட்டு, கடைசியில் பிறந்த ஊரான கார்ல்ஸ்ரூவுக்கே வந்தார்.

அறுபது வயதைத் தாண்டின அந்த மனிதர் அப்புறம் செய்ததுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. 1848-49இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. பாடனில் மன்னராட்சி வேண்டாம் என்று மக்கள் எழுந்தார்கள். டிரைஸ் தன் பிரபுப் பட்டத்தைத் துறந்தார். இனி நான் குடிமகன் கார்ல் டிரைஸ் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். பிறப்பிலேயே பட்டம், ஞானத்தந்தையோ நாட்டை ஆண்டவர், அப்பாவோ அந்த ஆட்சியின் நீதிபதி. இத்தனையும் இருந்தவர் செய்தது இது. சில வாரங்களில் பிரஷ்யப் படை வந்து புரட்சியை நசுக்கியது. பழைய ஆட்கள் திரும்பி வந்தார்கள். டிரைஸுக்கு மனநிலை சரியில்லை என்று அறிவித்து அடைத்துவைக்கப் பார்த்தார்கள், அது நடக்கவில்லை. புரட்சியால் ஆன செலவுக்கு என்று அவருடைய ஓய்வூதியத்தைப் பறித்தார்கள், அது நடந்தது. 1851 டிசம்பர் 10-ஆம் தேதி கையில் காசில்லாமல் இறந்துபோனார்.

இறந்த பிறகும் விடவில்லை. எதிரிகள் கிளப்பிவிட்ட கிறுக்கர் கதையையே பிற்காலத்தில் எழுதியவர்கள் பலரும் எடுத்து எழுதினார்கள். குடித்துவிட்டு, ஓடாத வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு திரிந்த வன அதிகாரி என்ற சித்திரம் ரொம்ப நாள் ஓடியது.

வண்டியோ ஓட ஆரம்பித்தது. 1860-களில் பாரிசில் முன்சக்கரத்துக்குப் பெடல் வந்தது. பிறகு முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தலைகுப்புற விழுந்து பலர் செத்தார்கள். 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி சம அளவு இரண்டு சக்கரமும் பின்சக்கரத்துக்குச் செயினும் வைத்து விற்ற வண்டிக்குப் பெயரே பாதுகாப்பு சைக்கிள். டிரைஸின் பழைய அமைப்புதான், செயினோடு. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கினார். அதே 1888-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று சட்டத்தில் எழுதியது. ஊருக்கு ஊர் போட்டிருந்த தனித் தடைகள் போயின. பதிலுக்கு இருட்டினால் விளக்கு, ஆளைத் தாண்டும்போது மணி. சாலையில் இடம் உண்டு, கூடவே பொறுப்பும் உண்டு. மன்ஹைம் உத்தரவுக்கு வந்த சரியான பதில் இது என்று நினைக்கிறேன். எழுபது வருஷம் தாமதம்.

நம்ம ஊருக்கு அந்தச் சட்டத்தின் பொறுப்புப் பாதி ஒழுங்காய் வந்து சேர்ந்தது. தாத்தா காலத்தில் சைக்கிளுக்கு நகராட்சியில் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டணும், விளக்கில்லாமல் போனாலோ டபுள்ஸ் ஏற்றினாலோ போலீஸ் பிடிக்கும் என்பதைப் பெரியவர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இடம் என்ற பாதிதான் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. சைக்கிள் பாதையை எப்படிப் போடணும் என்று இந்திய சாலைப் பேராயம் 1962-லேயே ஐ.ஆர்.சி. 11 என்று வழிகாட்டு நூல் போட்டுவிட்டது. 2015-இல் திருத்தியும் விட்டது. நம்ம நூலகத்தில் இருக்கிறதா என்று சிவில் பசங்க ஒருமுறை பாருங்கள். வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே குறிக்கோள் என்று 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று சென்னை மாநகராட்சி 2014-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தாளில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

தாளுக்கு வெளியே நம்ம அரசாங்கம் நிஜமாய்ச் சாதித்தது சைக்கிளைக் கொடுத்ததில். 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் ஆரம்பித்து, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற எல்லாருக்கும் வந்தது. என் சைக்கிள் அப்படி வந்ததுதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் என் அக்கா பிளஸ் டூ முடித்திருப்பாளா என்பதே சந்தேகம். ஆனால் வண்டியைக் கையில் கொடுத்துப் பாராட்டிவிட்டு, ஓட்ட இடத்தை அப்படியே விடுவதைப் பார்த்தால் 1818-இன் பாடன் அரசுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கல்கத்தா இன்னும் ஒரு படி மேலே போனது. 2013-இல் அந்த நகரப் போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பால்காரர், பேப்பர் போடுகிறவர், மீன் விற்கிறவர் எல்லாரும் போராடின பிறகு எண்ணிக்கையைக் குறைத்தார்கள். டிரைசினைத் தடை செய்த அதே ஊர். மறுபக்கம், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது: தரமில்லாத சாலை வடிவமைப்பாலோ பராமரிப்பாலோ ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ, அதற்குப் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர்மேல் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் போடலாம். தொகை ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் விழுந்தவனைப் பார்த்து ஓரமாய்ப் போகக் கூடாதா என்று கேட்பதற்குப் பதிலாக, அந்த ஓரத்தை யார் போட்டது என்று கேட்கிற சட்டம். நம்மில் பாதிப் பேர் நாலு வருஷம் கழித்து அந்த அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் வரிசையில்தான் நிற்கப் போகிறோம்.

டிரைஸ் பற்றி இன்னும் ஒரே ஒரு விஷயம். 1890-களில் ஜெர்மன் சைக்கிள்காரர்கள் காசு சேர்த்து கார்ல்ஸ்ரூவில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். அவர் கடைசியாய் வாழ்ந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அந்த நாட்களில் ஒரு சின்னப் பையன் வளர்ந்துகொண்டிருந்தான். டிரைஸ் இறந்தபோது அவனுக்கு ஏழு வயது. பெரியவனாகி அவனும் மன்ஹைமுக்குத்தான் போனான். இளவயதில் சைக்கிள் என்றால் உயிர். கம்பிச் சக்கரமும் செயினும் சைக்கிளிலிருந்து எடுத்து, நடுவில் ஓர் எஞ்சினை வைத்து, 1886-இல் உரிமம் வாங்கினான். பெயர் கார்ல் பென்ஸ். மன்ஹைம் தெருக்களில் அந்த வண்டி போட்ட சத்தத்துக்கும் புகைக்கும் ஜனங்கள் புகார் செய்தார்கள். பென்ஸ் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டார். 1888-இல் பதில் வந்தது. அதே பாடன் அரசு, சாலையில் ஓட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தது.